பூசையின் பசி

இராமகாதையைத் தொடங்குமுன் கற்றோர் அவையில் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் கம்பர், அதற்கு ஒரு பூனையைத் துணைக்கு அழைக்கிறார். பாற்கடலைக் கண்ட பூனை ஒன்று அதனை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று முனைந்ததாம். இராமன் கதையைச் சொல்லத் தாம் கொண்ட ஆசையும் அத்தகையதே என்கிறார். பூனைக்கு அங்கே அவர் ஆளும் சொல் 'பூசை'.

கும்பகோணத்தில் கோயில் வீதி ஒன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் வீட்டுப் பூனைக்கு இப்பெயரையே இட்டிருந்தார். 13 ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நனைந்து, மாடிப்படிக்குக் கீழே நடுங்கிக் கிடந்த குட்டி அது. அந்தி வேளையில் அவர் திண்ணையில் நின்று "பூசை, பூசை" என்று அழைப்பதைக் கேட்டு, கோயிலில் சாயரட்சை தொடங்கிவிட்டது என்று விரைந்த புதுக் குடித்தனக்காரர்களும் உண்டு. அந்தத் தெருவில் அது பழைய வேடிக்கை.

பெயர்தான் பாற்கடலை நோக்கியது. பூசையின் இயல்பு அப்படியன்று. தயிர்ச்சோற்றில் இரண்டு கவளம் உண்டு, மிச்சத்தைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிடும். அம்மையார், அதாவது ஆசிரியரின் மனைவி, கறந்த பாலைத் திறந்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாலும் அது அருகே செல்லாது. "இந்த வீட்டில் புலனடக்கம் உள்ளது அது ஒன்றுக்குத்தான்" என்று அவர் விருந்தினரிடம் பெருமை பேசுவார். பகலில் நெற்குதிர் இருந்த அறையில் உறக்கம். இரவில் கூரைமேல் உலா. எலித்தொல்லை என்பதை அந்த வீடு மறந்தே போயிருந்தது.

சென்ற ஆனி மாதத்தில் ஏதோ மாறியது. முதலில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. தட்டு துடைத்தாற்போல் காலியாக இருந்தது, பெரியவர் மகிழ்ந்தார். பிறகு தட்டு காலியான பின்னும் பூனை அதன்முன்னே அமர்ந்திருந்தது. பத்து நாளில் அடுக்களைக்குள் காலடி ஓசை கேட்டாலே ஓடிவந்து காலைச் சுற்றலாயிற்று. ஆடி பிறந்தபோது நிலைமை முற்றிவிட்டது. கிரைண்டரில் ஒட்டிய மாவை நக்கியது. பால் உறையைப் பல்லால் கிழித்தது. குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேங்காய்ச் சக்கையைத் தின்றது. விடியற்காலை மூன்று மணிக்குக் கூடத்தின் நடுவே நின்று, குழந்தை அழுவது போன்ற குரலில் கத்தியது. இரண்டு முறை உண்டு வந்த பூனைக்கு ஆறு முறை இட்டும் போதவில்லை.

இதற்கு ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் வைத்திருந்தனர். வயதானால் நாக்கு நீளும் என்றார் அம்மையார். வயிற்றில் பூச்சி என்றார் எதிர்வீட்டுக்காரர். வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டச் சொன்னார். நல்ல வேளை, பூனை அதை உமிழ்ந்துவிட்டது. பெரியவர் மறைவாக மேலும் சோறிட்டார். அம்மையார் வெளிப்படையாகக் குறைத்தார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் எழாத பிணக்கு ஒன்று ஓர் அலுமினியத் தட்டை முன்னிட்டு எழுந்தது.

ஆவணியில் கண்ணன் பிறந்தநாள் வந்தது. அம்மையாருக்கு முழங்கால் வலி. ஆயினும் வாசற்படியிலிருந்து பூசையறை வரை மாக்கோலத்தால் சிற்றடிகள் இட்டுவிட்டு, முறுக்கு, உப்புச்சீடை, வெல்லச்சீடை, அவல் எல்லாவற்றையும் தாமே செய்தார். வெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். மாலை விளக்கேற்றுமுன் முகம் கழுவிவரச் சென்று திரும்புவதற்குள், பூசை மனைமேல் ஏறிவிட்டது. வெண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. வெல்லச்சீடையைக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தது பூனை. கோலத்துச் சிற்றடிகளின்மேல் அதன் கால்தடம் கலந்திருந்தது.

வீட்டில் நைவேத்தியம் செய்யும் எந்தப் பெண்மணிக்கும் அம்மையாரின் அப்போதைய மனநிலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. படைக்குமுன் எச்சிலாகிவிட்டது. காலை முதல் பச்சைத் தண்ணீர் அருந்தாமல் செய்த பணி அது. அவர் கத்தவில்லை. பூனையைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் விட்டுத் தாழிட்டார். அவலையும் பழத்தையும் புதிதாக எடுத்துவைத்து விளக்கேற்றினார். இரவு உணவின்போது கணவரைப் பாராமலே, "நாளைக்கு அதைக் கொண்டுபோய் ஆற்றுக்கு அப்பால் மீன் சந்தையில் விட்டுவிடுங்கள். அங்கே அதற்கு வயிறு நிறையும்" என்றார்.

பெரியவர் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் பலமுறை சொன்னார். அன்றிரவு முழுவதும் கொல்லைக் கதவைப் பூனை பிறாண்டும் ஓசை கேட்டது. இருவரும் அதைக் கேட்டனர். இருவரும் உறங்குவதாக நடித்தனர்.

விடிந்ததும் அவர் மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்றார். பூனை ஓடவில்லை, கூடைக்குள் ஏதேனும் தின்ன இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. அதனைத் தூக்க முதுகில் கை வைத்தபோது அவர் திடுக்கிட்டார். மயிருக்கடியில் சதை இல்லை. முதுகெலும்பின் முடிச்சுகள் உருத்திராட்ச மாலையைத் தடவுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாய் விரலில் தட்டுப்பட்டன. நாள்தோறும் பார்த்த உயிர்தான். அடர்ந்த மயிர் அனைத்தையும் மறைத்திருந்தது. பார்ப்பது வேறு, தொடுவது வேறு. தட்டின் தகராறு தொடங்கிய பின் இருவரும் அதைத் தொட்டுத் தடவுவதையே விட்டுவிட்டிருந்தனர்.

கூடையை மூடிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடை வரை வந்தவர், அங்கே நின்றுவிட்டார். கடைக்காரரிடம் சொல்லிக் கூடையோடு தராசில் வைத்தார். கூடையின் எடையைக் கழித்தார். 2 கிலோ 600 கிராம். கருத்தடை செய்வித்த ஆண்டில் அது 4 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது அவருக்கு நினைவிருந்தது.

"என்ன சாப்பிடுகிறது ஐயா?" என்றார் கடைக்காரர்.

"எல்லாவற்றையும்."

"எல்லாவற்றையும் தின்கிற பூனை இப்படி இளைக்குமா?"

இதற்குமேல் அந்தக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவருக்குப் பருப்பு நிறுக்கத் திரும்பிவிட்டார். பெரியவர் ஆட்டோவை அழைத்தார். மீன் சந்தைக்கு அன்று, கால்நடை மருத்துவரிடம்.

மருத்துவர் இளம்பெண். பூனையை மேசைமேல் நிற்கவிட்டு, முதலில் அதைத் தொடாமல் பெரியவரிடம் கேள்விகளையே கேட்டார். நீர் அதிகம் குடிக்கிறதா, சிறுநீர் எவ்வளவு, வாந்தி உண்டா, கழிச்சல் உண்டா, அரிப்புக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டதா, இரவில் கத்துகிறதா. பிறகு, "ஐயா, பசி மிகுந்து உடலும் பெருத்தால் நாங்கள் ஒரு வழியில் யோசிப்போம். பசி மிகுந்து உடல் இளைத்தால் அது வேறு வழி. இரண்டாவதில் பூனைமீது குற்றமே இருக்காது" என்றார்.

பருத்து வரும் பூனையின் பசிக்குப் பெரும்பாலும் எளிய காரணங்கள் உண்டு: கருத்தடைக்குப் பின் வரும் பசி, ஸ்டீராய்டு மருந்து, வேலையின்மை, கேட்டபோதெல்லாம் இடும் வீட்டாரின் அன்பு. குட்டிப்பருவத்தில் பட்டினி கிடந்த பூனை வளர்ந்த பின்னும் உணவைக் கண்டு பதறுவதுண்டு. இளைத்து வரும் பூனையின் பசியோ உடலுக்குள் எங்கோ ஓட்டை விழுந்திருப்பதன் அறிகுறி. குடற்புழு உணவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். நீரிழிவு வந்தால் இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடலணுக்கள் அதை ஏற்க முடியாமல் வாடும். குடல் நோயால் உண்டது ஒட்டாமலே போகலாம். பத்து வயதைக் கடந்த பூனையிடம் மருத்துவர் தேடும் மற்றொன்று, தைராய்டு மிகுதி.

மருத்துவர் பூனையின் மோவாயை உயர்த்தி, தொண்டைக்குழியின் இருபுறமும் இரு விரல்களால் மெல்ல வழித்து இறக்கினார். ஒருபுறம் நின்றார். பெரியவரின் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்பு மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்திற்கு 240-ஐத் தாண்டிய துடிப்பு. மேசைமேல் அமைதியாக நின்ற அந்த உயிர், உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கழுத்தில் மூச்சுக்குழலின் இருபுறமும் உள்ள தைராய்டு சுரப்பி, உடல் எவ்வளவு விரைவாக எரிய வேண்டும் என்பதற்கு ஆணையிடுவது. முதிய பூனைகளில் இச்சுரப்பி தானே பருத்து, அளவின்றிச் சுரக்கத் தொடங்குவதுண்டு. பெரும்பாலும் அது புற்றுநோய் அன்று. ஆயினும் அதன் ஆணைக்கு உட்பட்ட உடல், அடைக்க முடியாத அடுப்பாகிவிடுகிறது. உண்டது போதாமல் தன் தசையையே விறகாக்குகிறது. இதயம் களைக்கிறது, இரத்த அழுத்தம் உயர்ந்து கண் பார்வை போவதும் உண்டு. உறக்கமின்மை, நள்ளிரவுக் கத்தல், கலைந்த மயிர் எல்லாம் அதன் விளைவுகளே. பூனைகளுக்கு இந்நோய் உண்டு என்பது 1979-இல்தான் மருத்துவ உலகிற்கு முதலில் எடுத்துரைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் முதிய பூனைகளுக்கு மிகுதியாக வரும் நோய்களுள் அதுவும் ஒன்று.

ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள், நீரிழிவு இல்லை. மலத்தில் புழு இல்லை. தைராய்டு அளவுக்கும் சிறுநீரக நிலைக்கும் இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்கள்.

பெரியவருக்கு ஓர் ஐயம் எஞ்சியது. "பசி என்றால் சோறு தின்னலாம். வெல்லச்சீடையை ஏன் அவ்வளவு ஆவலோடு தின்றது?" என்று கேட்டார்.

மருத்துவர் சிரித்தார். "ஆவல் இல்லை ஐயா. பூனைக்கு இனிப்பே தெரியாது" என்றார். அது உண்மை. இனிப்பை உணர நாவில் இருக்க வேண்டிய வாங்கிகளுள் ஒன்றை ஆக்கும் மரபணு, பூனைக் குலம் முழுவதிலும் செயலற்றுப் போயிருப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெல்லமும் மண்ணாங்கட்டியும் அதன் நாவுக்கு ஏறத்தாழ ஒன்றே.

ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் பெரியவர் இதையே எண்ணிக்கொண்டு வந்தார். சுவை தெரியாத ஒன்றை எவரும் ஆசைப்பட்டுத் தின்பதில்லை. அம்மையார் முறுக்கையும் சீடையையும் திருடிய நாக்கைக் கண்டார். அங்கே நாக்குக்கு வேலையே இல்லை. கம்பரின் பூனையை வைத்துப் பெயரிட்டது பிழையோ என்றும் அவருக்குத் தோன்றியது. அது பாற்கடலுக்கு ஆசைப்பட்ட பூனை. மடியில் இருப்பதோ காயசண்டிகை.

மணிமேகலைக் காப்பியத்தில் வருபவள் காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே உண்ணும் முனிவர் ஒருவருக்கு உரிய நாவற்கனியைச் செருக்கோடு காலால் சிதைத்தாள். அவர் சாபத்தால் 'யானைத்தீ' என்னும் பெரும்பசி நோய் அவளைப் பற்றியது. எவ்வளவு உண்டும் அடங்காத தீ அது. அந்நோயோடு புகார் நகரத்தில் அலைந்தவளுக்கு மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இட்டபோதுதான் அத்தீ அவிந்தது. வகுப்பறையில் எத்தனையோ முறை நடத்திய பகுதி. பசியைப் பழம்புலவர்கள் பிணி என்றே சொன்னதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் அவர்.

வீட்டில் அம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். கூடை வெறுமையாக வரும் என்று எதிர்பார்த்திருந்தாரா, அஞ்சியிருந்தாரா என்பது அவருக்கே தெரியாது. பெரியவர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "தைராய்டா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் அந்நோய் உண்டு, ஆனால் மறுதலை. பதினைந்து ஆண்டுகளாகச் சுரப்பி குறைந்து, விடியலில் வெறும் வயிற்றில் மாத்திரை உண்பவர். தொடக்கத்தில் காரணம் அறியாமல் உடல் பருத்ததும், எதிலும் கை ஓடாமல் அயர்ந்து கிடந்ததும், "சோம்பல்" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல்லும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து சென்று கூடையைத் திறந்தார். பூனை நேரே அடுக்களைக்கு ஓடியது. அவரும் பின்னால் சென்று சோறிட்டார்.

நான்காம் நாள் முடிவு வந்தது. இயல்பின் மேல் எல்லையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. சிறுநீரகம் அப்போதைக்கு நலமாகத் தெரிந்தது. ஆயினும் தைராய்டின் விரைவு, சிறுநீரகக் குறையை மறைத்து வைத்திருக்கக்கூடும் என்றும், மருந்துக்குப் பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். சுரப்பியை அறுத்து எடுக்கலாம். மேலை நாடுகளில் கதிரியக்க அயோடின் ஊசியால் நோயையே நீக்கிவிடுகிறார்கள். முதுமையையும் செலவையும் எண்ணி மாத்திரை வழியைப் பெரியவர் தேர்ந்தார். மனிதர்க்குத் தரும் கார்பிமசோல் வகை மருந்துதான் அது. அளவு மருத்துவர் குறித்தது. நாள்தோறும், வாழ்நாள் முழுதும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைத் தாமே உடைத்துக் கொடுக்கும் துணிவு எவருக்கும் கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

ஒரே வீட்டில் இரு மாத்திரைகள். ஒன்று சுரப்பியை ஈடு செய்வது, ஒன்று அடக்குவது. மாறினால் இருவருக்கும் கேடு. அம்மையார் தம்முடையதைப் பூசையறை மாடத்திலும் பூனையுடையதை அடுக்களைச் சம்புடத்திலும் வைத்தார். கொடுக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். மாத்திரையை உடைக்காமல் சிறிது வெண்ணெயில் உருட்டிக் கொடுப்பார். கொடுத்ததும் மருத்துவர் சொன்னபடி சோப்பிட்டுக் கை கழுவுவார்.

எளிதில் தீராதது உணவுச் சிக்கல். "இத்தனை ஆண்டும் தயிர்ச்சோறு மட்டுமா?" என்று மருத்துவர் வியந்திருந்தார். பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளைப் போதிய அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது; ஊனிலிருந்தே பெற வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும் என்பதில், இதயத்தைப் பற்றிய செய்தி 1987-இல் தெளிவாயிற்று. பூசையைக் காத்தது கூரைமேல் அது பிடித்த எலியும் பல்லியுமே. இப்போது வேட்டையாட வலுவில்லை. கரையும் தசையை மீட்கப் புரதம் வேண்டும். வெங்காயமும் நாள் பார்த்தே சேர்க்கும் வீட்டில் இது சிறு செய்தியன்று. இருவரும் இரண்டு நாள் இதைப் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மையாரே, "அதற்கு விதித்ததை அது உண்ணட்டும். அடுக்களைக்குள் வேண்டாம்" என்றார். கடையில் விற்கும் பூனை உணவு கொல்லைத் தாழ்வாரத்திற்கு வந்தது. அதற்கெனத் தனித் தட்டு, தனிக் கரண்டி, கழுவத் தனித் தொட்டி. முதல் வாரம் முழுதும் பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டே பரிமாறினார்.

நோய் உடனே இறங்கவில்லை. முதல் பத்து நாள் வாந்தி இருந்தது. மருந்தின் அளவைக் குறைத்து ஏற்றினார்கள். நள்ளிரவுக் கத்தல் முதலில் நின்றது. நான்காம் வாரம் இரத்தம் பார்த்தபோது அளவு பாதிக்குமேல் இறங்கியிருந்தது, சிறுநீரகமும் தாங்கியது. மளிகைக் கடைத் தராசு 2 கிலோ 900 காட்டியது. கடைக்காரர் அன்று கூடையின் எடையைத் தாமே கழித்துச் சொன்னார்.

நவராத்திரி வந்தது. கொலுவின் முன் சுண்டல் தட்டு ஆறியபடி இருக்க, பூசை அறையின் வாயிலில் படுத்துப் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் மாலை, கொல்லையிலிருந்து அம்மையார் கணவரை அழைத்தார்.

"இங்கே சற்று வந்து பாருங்கள்."

தாழ்வாரத்துத் தட்டில் ஒரு கைப்பிடி உணவு மிச்சம் இருந்தது. பூனையைக் காணோம், கூரையில் அதன் காலடி மெல்லக் கேட்டது. எறும்பு வருமுன் தட்டை எடுத்துவிடட்டுமா என்று அம்மையார் கேட்டார். சற்று இருக்கட்டும் என்றார் பெரியவர். மதில்மேல் அமர்ந்திருந்த காகம் இறங்கி வரும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தனர்.